திரும்பி வந்த ஒரே குதிரை

முதல் உலகப் போர்க் காலத்தில் ரிமவுண்ட் டிப்போ என்றால் ராணுவத்தின் குதிரைக் கிடங்கு. சிப்பாயின் குதிரை செத்தால் அடுத்தது அங்கிருந்து வரும். கப்பலில் வாடி வந்து இறங்கும் குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்து, நோய் பார்த்து, முரண்டு பிடிப்பவற்றைப் பழக்கிப் போர்முனைக்கு அனுப்புவார்கள். போவதற்குத்தான் அங்கே வழி. சாண்டி அந்த வழியில் எதிர்த்திசையில் வந்தது.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்து டாலங்காட்டா ஊர்க் குதிரை அது. மேஜர் ஜெனரல் வில்லியம் பிரிட்ஜஸுக்குப் பிரியமான சவாரிக் குதிரை. 1915-ல் துருக்கியின் கலிபோலிப் போர்முனைக்கென்று கப்பலேறிய 6,100 குதிரைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த இடுக்கான மலைக்கரையில் குதிரைக்கு ஏது இடம்? மிகச் சிலவே இறக்கப்பட்டன. மே 15 அன்று மறைந்திருந்து சுட்டவனின் குண்டு பிரிட்ஜஸின் தொடையில் பாய்ந்தது. மூன்றாம் நாள் இறந்தார். அவருடைய உடலை ஊருக்குக் கொண்டுபோய், அவரே தொடங்கிய டன்ட்ரூன் ராணுவக் கல்லூரியில் புதைத்தார்கள்.

எகிப்தில் நின்ற சாண்டி, ஒரு கால்நடை மருத்துவ அதிகாரியின் பொறுப்பில் 1916 மார்ச்சில் பிரான்சுக்குப் போனது. அடுத்த ஆண்டு அக்டோபரில், பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்ஸ் அதை ஊருக்கு அழைத்துவரச் சொன்னார். பிரிட்ஜஸின் கடைசி ஆசை அது என்றும் சொல்வார்கள்.

அமைச்சரே சொன்னாலும் நோய்க் கட்டுப்பாடு விடுமா? 1918 மே மாதம் காலே நகரத்துக் கால்நடை மருத்துவமனையிலிருந்து, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பக்கத்திலிருந்த ஸ்வேத்லிங் டிப்போவுக்கு வந்தது. பிரான்சுக்குக் குதிரை அனுப்பவே கட்டிய இடம் அது. பிரான்சிலிருந்து வந்த சாண்டியை அங்கே மூன்று மாதம் கண்காணித்து, நோயில்லை என்று உறுதி செய்தபின் செப்டம்பரில் லிவர்பூலில் கப்பலேற்றினார்கள். நவம்பரில் மெல்போர்ன். டன்ட்ரூனில் மேயவிடத்தான் அமைச்சர் நினைத்திருந்தார். சாண்டி போய்ச் சேர்ந்ததோ மரிபிர்நாங் மத்திய ரிமவுண்ட் டிப்போவின் புல்வெளிக்கு. மறுபடியும் டிப்போதான்!

கண் தெரியாமல் போய் உடலும் தளர்ந்ததால் 1923 மே மாதம் அதன் உயிரை முடித்துவிட்டார்கள். தலையைப் பதப்படுத்தி ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள்.

ஊர் திரும்பாத மற்றக் குதிரைகள் என்ன குறைந்தவை? அவற்றின் முதுகில் ஜெனரல் இல்லை, அவ்வளவுதான். அந்தப் போருக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்தவை ஏறத்தாழ 1,36,000. கடைசியில் மிஞ்சியவற்றில் 11,000 குதிரைகள் விலைக்குப் போயின. வாங்கியது பெரும்பாலும் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவம். இங்கேயும் அவற்றுக்கு ரிமவுண்ட் என்றுதான் பெயர்.