வண்டி வாங்கியவருக்கு, தரவு யாருக்கு?

பழுதான காரின் நோயறிய ஒரு காலத்தில் திருத்துநரின் காதும் கையும் போதுமாயிருந்தன. இயந்திரத்தைக் கணினி ஆளத் தொடங்கியதும் அந்த அறிவு கணினிக்குள் குடிபுகுந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் ஓபிடி-2 எனும் பொது இணைப்பான் கட்டாயமாக்கப்பட்டது. அதன் முதன்மை நோக்கம் புகைக் கட்டுப்பாடே. பிரேக், காற்றுப்பை போன்றவற்றின் குறியீடுகளைப் படிக்கும் கருவிகளையும் விளக்கங்களையும் நிறுவனங்கள் பலவேளை தம் முகவர்களுக்கே ஒதுக்கிக்கொண்டன. சுயாதீன கராஜ்கள் வாடிக்கையாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது.

2012 நவம்பரில் மசாச்சூசெட்ஸ் வாக்காளர்களில் ஏறத்தாழ 86 சதவீதத்தினர் 'திருத்தும் உரிமை'க்கு ஆதரவளித்தனர். மாநிலத்துக்கொரு சட்டம் எழுவதை விரும்பாத நிறுவனங்கள், 2014 ஜனவரியில் நாடளாவிய உடன்பாடொன்றுக்கு இணங்கின.

ஆயினும், ஒரு வாசல் திறக்க மற்றொன்று மூடியது. கம்பியின்றி நேரே உற்பத்தியாளரைச் சென்றடையும் தரவு அந்த உடன்பாட்டின் பிடிக்குள் பெரும்பாலும் அடங்கவில்லை. 2020 நவம்பரில் அதே மாநிலத்தவர் ஏறத்தாழ 75 சதவீத வாக்குகளால் அதனையும் கோரினர். அம்மாதமே உற்பத்தியாளர் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. இணைய ஊடுருவல் அபாயத்தைக் காரணங்காட்டியது. 2025 பெப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஊடுருவல் அச்சம் பொய்யன்று. ஆனால், பூட்டு எவருடைய பாதுகாப்புக்கு என்பதைச் சாவி வைத்திருப்பவரே தீர்மானிப்பது நீதியாகாது.