பரங்கிக்காய் விளக்கும் பரிசுத்தவான்களின் திருநாளும்

அக்டோபர் 31ஆம் நாள் என்றதும் நம் நினைவிற்கு வருவன 1517ஆம் ஆண்டும், விட்டன்பர்க் நகரும், மார்ட்டின் லூத்தரின் ஆய்வுரைகளுமே. அதே நாளின் மாலையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வீட்டு வாயில்களில், முகம் செதுக்கப்பெற்ற பரங்கிக்காய்கள் உள்ளே ஏற்றிய சுடரால் ஒளிவீசுகின்றன. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து அவற்றை அணிசெய்வது அங்குக் குடும்ப மரபாகவே வேரூன்றியுள்ளது. இதனைப் புறச்சமய வழக்கமென விலக்குவோரும் உளர். வெறும் விளையாட்டெனப் புறக்கணிப்போரும் உளர். இவ்விரு தீர்ப்புகளில் ஒன்றை ஏற்குமுன் இவ்வழக்கம் கடந்துவந்த பாதையை நாம் அறிந்துகொள்வது நலம்.

ஹாலோவீன் என்னும் பெயர், 'சகல பரிசுத்தவான்கள் திருநாளின் முன்மாலை' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். மேற்குத் திருச்சபையில் 9ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1ஆம் நாள் அத்திருநாளாக நிலைபெற்றது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி க்ளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ, மறுநாளை மரித்தோருக்காக மன்றாடும் நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். நாளடைவில் அது எங்கும் பரவிற்று. இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவரும் வீடுதோறும் சென்று, மரித்தோரின் ஆன்மாக்களுக்காக வேண்டுவதாகக் கூறிச் சிறு அப்பங்களைப் பெற்றனர். பண்டைக் கெல்ட்டியரின் சௌவின் விழாவும் இப்பருவத்திலேயே நிகழ்ந்தது. ஆயினும் அவ்விழாவின் சமயச் சடங்குகளைப் பற்றிய பழஞ்சான்றுகள் மிகச் சிலவே என்பதை வரலாற்றறிஞர் ரொனால்டு ஹட்டன் 1996இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். எனவே இன்றைய வழக்கம் முழுவதையும் அவ்விழாவின் எச்சமென உறுதியாய்க் கூறுதல் பொருந்தாது.

சீர்திருத்தம் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய போதனையை நீக்கியது. இங்கிலாந்தில் 1547ஆம் ஆண்டுச் சட்டம், மரித்தோருக்காகப் பூசை நிறைவேற்றும் அறநிலையங்களைக் கலைத்தது. 1549ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகம் பரிசுத்தவான்களின் திருநாளை வைத்துக்கொண்டு, ஆத்துமாக்களின் திருநாளை விட்டுவிட்டது. ஸ்காட்லாந்தின் சீர்திருத்தவாதிகளோ 1560இல் பரிசுத்தவான்களின் திருநாட்கள் அனைத்தையுமே தள்ளினர். ஆனால் போதனை நீங்கிய பின்னரும் அவ்விரவு நீங்கவில்லை. 1785இல் இராபர்ட் பர்ன்ஸ் இவ்விரவைப் பற்றி எழுதிய கவிதையில், நாட்டுப்புற இளைஞர் கொட்டைகளை நெருப்பிலிட்டும் கோசுத் தண்டுகளைப் பிடுங்கியும் தம் வருங்காலத் துணையைக் குறிபார்க்கக் காண்கிறோம். ஆலயம் கைவிட்டதை அடுப்பங்கரை எடுத்துக்கொண்டது எனலாம்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் சிறுவர் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே தணலோ மெழுகுவர்த்தியோ வைத்தனர். விண்ணகத்திலும் நரகத்திலும் இடம் பெறாமல் ஒரு தணலைக் கிழங்கினுள் ஏந்தி இருளில் அலையும் ஜாக் என்பவனைப் பற்றிய கதையும் அயர்லாந்தில் வழங்கிற்று. டொனகால் பகுதியில் செய்யப்பெற்ற அத்தகைய கிழங்கு விளக்கொன்றின் வார்ப்பை அயர்லாந்துத் தேசிய அருங்காட்சியகத்தில் காணலாம். சுருங்கிய தோலும் கூரிய பற்களும் கொண்ட அம்முகம் இன்றைய பரங்கிக்காயைவிட அச்சமூட்டுவது.

பரங்கியோ அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. மெக்சிக்கோவின் வாஹாக்கா பகுதியிலுள்ள குகையொன்றில் அவ்வினத்தின் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுள்ள விதைகள் கிடைத்துள்ளன. அக்காய் ஐரோப்பியர் வழியே நம்மை வந்தடைந்ததைத் தமிழில் வழங்கும் பெயரே காட்டுகின்றது. குவேக்கர் சபையைச் சார்ந்த கவிஞர் ஜான் கிரீன்லீப் விட்டியர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய கவிதையில், தம் சிறுவயதில் பரங்கிக்காயில் முகம் செதுக்கி விளக்கேற்றியதை நினைவுகூர்கிறார். ஆனால் அக்கவிதை போற்றுவது நன்றியறிதல் திருநாளையே. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தால் அயர்லாந்து மக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவில் குடியேறினர். அவர்கள் கொணர்ந்த இரவும் அந்நாட்டின் அறுவடைக் காயும் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஒன்றிணைந்தன. கடினமான கிழங்கைவிடக் குடைவதற்கு எளிதாயிருந்தது பரங்கி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விரவு இளைஞரின் குறும்புகளால் பல ஊர்களுக்குத் தொல்லையாயிற்று. அதனைத் திசைதிருப்ப மின்னசோட்டாவின் அனோக்கா நகரத்தார் 1920இல் சிறுவர் ஊர்வலம் ஒன்றை நடத்தினர். அவ்விரவு படிப்படியாகப் பிள்ளைகளுக்கும் குடும்பத்திற்கும் உரியதாயிற்று. பிள்ளை முகத்தை வரைய, தந்தையோ தாயோ கத்தியைக் கையாளுவர். விதைகளை வழித்தெடுப்பது சிறு கைகளின் வேலை. அவை பின்னர் வறுத்துண்ணப்படும். மிகச் சிறியோர் வண்ணம் மட்டும் தீட்டுவர். 1950இல் பிலடெல்பியாவில் பிரஸ்பிட்டேரியன் ஆயர் கிளைட் அல்லிசனும் அவர் துணைவியார் மேரி எம்மாவும், இனிப்புக் கேட்டு வீடுதோறும் செல்லும் சிறுவர் கையில் பால் பெட்டிகளைக் கொடுத்து, உலகின் வறிய குழந்தைகளுக்காகக் காசு திரட்டச் செய்தனர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்திற்கான பெரும் இயக்கமாக அது வளர்ந்தது. பழைய ஆன்ம அப்பத்தின் ஈகை அங்கே மறுபடியும் தலைகாட்டியது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? ஒரு வழக்கத்தின் தோற்றம் மட்டும் அதன் பொருளைத் தீர்மானிப்பதில்லை. கைமாறுந்தோறும் பொருளும் மாறுகின்றது. நம் முன்னோர் தவறான போதனையை அகற்றியது சரியே. ஆனால் மரித்தோரை நினைக்கவும் இருளைக் கண்டு அஞ்சவும் செய்கிற எளிய மனத்திற்கு, அகற்றியதன் இடத்தில் எதனை அளித்தனர்? பிரசங்கம் விடைகூறாத இடத்தில் குழந்தை ஒரு கோரமுகத்தைத் தானே செய்து, அதனுள் விளக்கேற்றி, அச்சத்தை நகைப்பாக்கிக் கொண்டது. நம் நாட்டிலும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளின்மேல் எரியும் மெழுகுவர்த்திகள் அதே பழைய திருநாளின் கிளையே. அங்குத் தாயின் கையைப் பற்றி நிற்கும் சிறுவன், "இந்த விளக்கு யாருக்கு?" என்று கேட்பான். அவ்வழக்கத்தைக் கண்டிக்கவோ ஆதரிக்கவோ முற்படுமுன், அச்சிறுவனுக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அவனுக்கு விளங்கும் சொற்களில் கூற நாம் ஆயத்தமாயிருக்கிறோமா என்பதை நம்மையே கேட்டுக்கொள்வோமாக.