படத்துக்கு வெளியே ஓடிய நதி

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கும் கம்ப்யூட்டர்ப் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அந்தப் பாதியிலும் கம்ப்யூட்டர் அறையைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனால் திருப்பூரிலுள்ள என் தங்கை மகள் பி.சி.ஏ. வகுப்பில் சேர்ந்தாலும் சேர்ந்தாள், அவளுடைய பாடம் எனக்கும் பாடமாகிவிட்டது.

"ஏனுங் மாமா, நாலு பேருகிட்டப் பேச்சுக் குடுத்துக் கதை வாங்கறவரு நீங்க. என்ற கூட ஒரு பனியன் கம்பெனிக்கு வாங்க" என்று கூப்பிட்டாள்.

சிஸ்டம் அனாலிசிஸ் அண்ட் டிசைன் என்பது பாடத்தின் பெயர். முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும் என்று தமிழில் எழுதுகிறார்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் யார் கைமாறுகிறது, எங்கே முடிகிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். விசாரித்ததைப் படமாகப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வேலைக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் ஏற்பாட்டைத் திட்டமிட வேண்டும். பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் நம் பெரியவர்கள் செய்கிற விசாரணைதான், வேறொன்றுமில்லை!

இந்த வித்தையின் பிறப்பிடங்களில் ஒன்று டீக்கடை என்றால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். லண்டனில் ஜே. லயன்ஸ் என்றொரு கம்பெனி இருந்தது. ஊரெங்கும் டீக்கடைகள்; கேக்கும் ரொட்டியும் சுடுவதற்குப் பெரிய பேக்கரிகள். லட்சக்கணக்கான சில்லறைக் கணக்குகளில் அந்தக் கம்பெனி மூழ்கிக் கிடந்தது. 1947இல் அதன் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்று புதிய கணக்கிடும் யந்திரங்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தார்கள். பிறகு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் உருவாகிக்கொண்டிருந்த யந்திரத்துக்குப் பண உதவி செய்து, அதையே முன்மாதிரியாக வைத்து லயன்ஸ் கம்பெனி தனக்கென்று ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டது. அதற்கு லியோ என்று பெயர். 1951 நவம்பரில் அது பேக்கரிச் சரக்குக்கு மதிப்புக் கணக்குப் போட்டது. வியாபார அலுவல் ஒன்றைக் கம்ப்யூட்டர் வழக்கமாகச் செய்யத் தொடங்கியது அங்கேதான்.

யந்திரத்தைக் கட்டியவர்கள் ஒரு புறம் இருக்க, அதற்கு என்ன வேலை கொடுப்பது, எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று யோசித்தவர் டேவிட் காமினர். உலகத்தின் முதல் சிஸ்டம் அனலிஸ்ட் என்று அவரைச் சொல்வதுண்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அந்தக் கம்பெனியின் அலுவலக முறைகளை ஆராய்ந்து பழகியவர் அவர். டீக்கடைக் கணக்கு அறிந்தவருக்குத்தான் யந்திரத்தின் உபயோகம் புரிந்தது!

படம் போடும் முறை பின்னால் வந்தது. 1970களின் பிற்பகுதியில் டாம் டிமார்க்கோ, எட்வர்ட் யூர்டன் முதலான அமெரிக்கர்கள் அதைப் பரப்பினார்கள். வேலைக்கு ஒரு வட்டம். குறித்து வைக்கும் ஏட்டுக்கு இரண்டு இணைகோடுகள். தகவல் போகும் வழிக்கு அம்புக்குறி. நம் ஆராய்ச்சிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரு சதுரம். சதுரத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. 1982இல் கோயமுத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதைச் சேர்ந்த திருப்பூர்க் கல்லூரிகளில் இன்று பிள்ளைகள் இந்த வட்டங்களையும் சதுரங்களையும் போட்டுப் பழகுகிறார்கள்.

நாங்கள் போனது சிறிய கம்பெனி. நூல் வாங்குகிறார்கள், நிட்டிங்குக்கு அனுப்புகிறார்கள், நெய்து வந்த துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, சாயமேறி வந்ததும் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பவர் டேபிளில் உட்கார்ந்திருந்தவர்களிடமும், பக்கத்தில் நின்ற கைமடிப் பெண்களிடமும் அவள் கேள்வி கேட்டாள். நான் பேச்சுக் கொடுத்தேன். முதலாளி சொன்னது ஒன்று, கட்டிங் மாஸ்டர் சொன்னது ஒன்று, கேட்டில் சலான் வாங்கி வைக்கும் பெரியவரின் சட்டைப் பை நோட்டில் இருந்தது வேறொன்று. மூன்றையும் சேர்த்தபோதுதான் துணி போன வழி தெரிந்தது.

இரவு படம் தயாராகிவிட்டது. அழகாகவே இருந்தது. சாயப்பட்டறை மட்டும் ஓரத்தில் ஒரு சதுரமாக நின்றது. வெள்ளைத் துணி உள்ளே போகிறது, கலர்த் துணி வெளியே வருகிறது.

"தண்ணி எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அது நம்ம சிஸ்டத்துக்கு வெளியீங் மாமா. சிலபஸ்ல அப்படித்தான்."

எனக்குக் கேட்டின் அருகில் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. "அப்பெல்லாம் ஆத்தைப் பாத்தே இந்த வாரம் என்ன கலர் ஆர்டருன்னு சொல்லிப்போடுவமுங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் நதி. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமாக உப்புப் போட வேண்டும். துணி சாயத்தை ஏற்றுக்கொள்ளுமே தவிர உப்பை ஏற்றுக்கொள்ளாது; அது தண்ணீரோடு வெளியேறிவிடும். ஏற்றுமதி பெருகப் பெருக ஆற்றில் உப்பும் சாயமும் பெருகின. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992இல் முடித்த அணை, சாயக் கழிவின் தேக்கமாக மாறியது. அணைக்குக் கீழே எங்கள் பெரியம்மாவுக்குத் தோட்டம் உண்டு. கிணற்று நீர் கரித்தது. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நிறைவேறாமற் போகவே, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அப்போது நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மூடியது ஓரத்துச் சதுரத்தை. ஆனால் நின்றுபோனது படம் முழுவதும்! துணி இல்லாமல் கட்டிங் மேஜை காலியாயிற்று. ஒரு பாவமும் அறியாத தையல்காரரும் கைமடிப் பெண்ணும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கழிவைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்ப உபயோகிக்கும் ஏற்பாடுகளோடுதான் பட்டறைகள் மறுபடி திறந்தன. வெளியே என்று ஒதுக்கிய தண்ணீரை உள்ளே வரைந்தாக வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது மணி பதினொன்று. அவள் ஒன்றும் பேசவில்லை. சதுரத்தை ரப்பரால் அழித்தாள். இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினாள். சாயம், உப்பு, சுத்திகரிப்பு, மீண்ட நீர், ஆறு, அணை என்று அம்புக்குறிகள் நீண்டன. தாளின் கோடியில் இரண்டு இணைகோடுகள் போட்டு, நடுவே 'கிணறு' என்று எழுதினாள்.

எத்தனை மார்க் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் தோட்டத்துக்குப் போனபோது படத்தின் நகலை எடுத்துச் சென்றேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அம்புக்குறியின் வழியே மெள்ள விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். கோடியில் வந்ததும் விரல் நின்றது.

"இது நம்ம கெணறா கண்ணு?"

"ஆமாம், பெரியம்மா" என்றேன்.