கீபோர்டுக்குள் மணியோசை புகுந்த வரலாறு



நம் பாடகர் குழுவில் ஆர்மோனியம் இருந்த இடத்தில் கீபோர்டு அமர்ந்து ஆண்டுகள் பல ஆகின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல். இன்னொன்றை அழுத்தினால் ஆலயமணி. இவ்வொலிகள் எவ்வாறு உண்டாயின என்று கேட்போர் மிகச் சிலரே. விழா மலரில் அவ்வரலாற்றையும் சிறிது எழுதி வைப்பது தகும் எனக் கருதுகிறோம்.

ஒலியைக் கூட்டியும் குறைத்தும் உருவாக்கும் கலை திருச்சபைக்குப் புதிதன்று. பெருங்கோவில்களில் குழாய் ஆர்கன் வாசிப்பவர் குமிழ்களை இழுத்தும் தள்ளியும் எக்குழாய் வரிசை ஒலிக்க வேண்டும், எது ஓய வேண்டும் என்று முடிவு செய்கிறார். மின்சாரக் கருவிகளிலும் இம்முறை நீடித்தது. 1970-இல் அமெரிக்காவில் வெளிவந்த மினிமூக் என்னும் சிந்தசைசரில் குமிழைத் திருகத் திருக ஒலி மாறும். ஆனால் அதற்கு நினைவு கிடையாது. நேற்று கண்ட இனிய ஒலி இன்று வேண்டுமாயின், குமிழ்கள் நின்ற இடங்களைத் தாளில் குறித்து வைத்திருக்க வேண்டும்! 1978-இல் வந்த புராஃபெட்-5 என்னும் கருவியே அமைத்த ஒலிகளைச் சேமித்து வைக்கும் வழக்கத்தைப் பரவச் செய்தது.

இதற்குள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேறொன்று நிகழ்ந்திருந்தது. அங்கிருந்த ஜான் சௌனிங் பொறியாளர் அல்லர்; பாரிஸில் இசை பயின்று வந்தவர். பாடகர் நீண்ட சுரத்தில் குரலை அசைப்பதைப் போல், 1967-இல் அவர் கணிப்பொறி ஒலியொன்றை அசைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஓர் எல்லைக்கு மேல் காதுக்கு அசைவு தெரியவில்லை. முற்றிலும் புதியதோர் ஒலியே கேட்டது. ஆக, இரண்டு அலைகளே போதும்: ஒன்று ஒலிக்கும், மற்றது அதனை அசைக்கும். இரண்டின் அதிர்வெண்களும் எளிய முழு எண் விகிதத்தில் நின்றால் எக்காளம், குழல் போன்ற இசைவான ஒலி பிறக்கும். விகிதம் கோணலானால் மணியோசை பிறக்கும்.

அசைவின் அளவு நேரத்தோடு மாற வேண்டும் என்பதே இதில் நுட்பம். நம் கோபுர மணியைக் கூர்ந்து கேளுங்கள். அடித்த கணத்தில் பல ஓசைகள் பளிச்சென்று கிளம்பும். பிறகு கூர்மை மங்கி, ஒரு முனகல் மட்டும் நெடுநேரம் நிற்கும். எக்காளமோ ஒலி ஓங்க ஓங்கத்தான் கூர்மை பெறும்.

அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் இதனை வேண்டாமென்றன. ஜப்பானின் யமஹா உரிமம் பெற்றது. பல்கலைக்கழகமும் சௌனிங்குக்கு நிரந்தரப் பணி மறுத்துப் பின்னர் திரும்ப அழைத்துக்கொண்டது. அவருடைய கண்டுபிடிப்பு அதற்குப் பெருந்தொகை ஈட்டித் தந்தது. விலக்கப்பட்ட கல்லின் கதை நாம் அறியாததா?

1983-இல் யமஹாவின் டிஎக்ஸ்-7 வெளிவந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் ஆறு அலைகள். அவற்றை இணைக்க 32 வழிகள். 32 ஒலிகளுக்கு நினைவிடம். ஆனால் திருகும் குமிழ்கள் போய்விட்டன. இரண்டே வரி காட்டும் சிறு திரை முன் அமர்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட எண்களை ஒவ்வொன்றாக அழைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. ஓர் எண் பிசகினால் புல்லாங்குழல் தகரமாகிவிடும். பிரையன் ஈனோ போன்ற சிலர் பொறுமையோடு கற்றனர். வாங்கியோரில் மிகப் பலர் தொழிற்சாலை கொடுத்த ஒலிகளோடு நின்றுவிட்டனர். 1980-களின் ஆங்கிலப் பாடல்கள் பலவற்றில் ஒரே மின்பியானோ ஒலி கேட்பது இதனாலேயே. நினைவு வசதி நல்லதே. எனினும் ஆர்கன் குமிழில் பழகிய கையை அது சோம்பலாக்கிற்று என்பது நம் கருத்து.

நம் பாடகர் குழு இளைஞர் முயலத்தக்க திருத்தங்கள் இரண்டே. ஒலி தொடங்கும் வேகத்தைச் சற்றுத் தணித்தால் கருவி குரல்களை மூடாது. விரல் எடுத்தபின் நீளும் ஒலியைக் குறைத்தால் அடுத்த சொல் தெளிவாகக் கேட்கும். உயர்ந்த கூரையுள்ள கோவில் தானே ஒலியை நீட்டித் தருகிறது. திருத்தியதை வேறோர் எண்ணில் சேமித்து வைத்தால் பழைய ஒலியும் அழியாது.