ரிக்மனின் இரும்புக் கோல்

1753ஆம் ஆண்டில் ருசிய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மன் என்னும் பேராசிரியர் மின்னல் தாக்கி மாண்டார். இடிமேகத்தின் மின்னாற்றலை அளக்கக் கூரைமீது இரும்புக் கோல் நாட்டி, அதனின்று கம்பியொன்றை வீட்டினுள் கொணர்ந்திருந்தார். மின்னூட்டம் கசியாதிருக்க அதனை மண்ணோடு இணைத்திலர். மின்னலோ அவர் உடல்வழியே மண்ணை நாடிற்று. அருகில் நின்ற செதுக்கோவியர் உயிர் தப்பினார். கோலின் அடியை ஈரமண்ணில் புதைக்குமாறு அமெரிக்காவிலிருந்து பிராங்க்ளின் முந்திய ஆண்டே எழுதியிருந்தார்!

பிற்காலத்தில் வானொலிப் பெட்டிக்கெனக் கூரைமேல் கட்டிய ஏரியலும் அத்தகைய கம்பியே. ஆதலின், இடிக்காலத்தில் அதனை நிலக்கம்பியோடு சேர்க்கும் விசையொன்றைச் சன்னலருகே அமைத்தனர். மின்னல் நேரே விழுந்தால் அதுவும் முழுக்காவல் ஆகாது. இன்று அவ்வேரியல் அரிது. ஆயினும் மின்சாரக் கம்பிவழியே மிகை மின்னழுத்தம் பாய்ந்து பெட்டியைக் கெடுத்தல் உண்டு. ஆகவே வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுக. இடி முழங்கத் தொடங்கியபின் அதனைத் தொடற்க.