ஃபிரிஸ்கோ மளிகைப் போட்டி
அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கேயுள்ள புறநகர் ஃபிரிஸ்கோ. 2000இல் சுமார் 33,700 ஆக இருந்த இதன் மக்கள்தொகை, 2020இல் 2 லட்சத்தைத் தாண்டியது. வால்மார்ட், டார்கெட், காஸ்ட்கோ ஆகிய பெருங்கடைகள் 2022க்கு முன்பே இங்கு காலூன்றியிருந்தன. துணியோடு பாலும் காய்கறியும் விற்கும் ‘சூப்பர்சென்டர்’ முறையை வால்மார்ட் 1988இல் மிசௌரியில் தொடங்கியது. மளிகையில் லாபம் குறைந்தால் மற்ற சரக்கில் ஈடுகட்டலாம். மளிகையையே நம்பிய கடைகளுக்கு அந்த வழியில்லை.

1905இல் டெக்சாஸின் கெர்வில்லில் சிறு மளிகைக்கடையாகத் தொடங்கி, மளிகையையே பெரிதும் நம்பிய ஹெச்-இ-பி, 2022இல்தான் ஃபிரிஸ்கோவுக்கு வந்தது. திறப்பு நாளில் விடியுமுன்பே கூட்டம் வரிசைகட்டியது. கடைக்குள்ளேயே சுட்டுத் தரும் டோர்ட்டியா, பார்பிக்யூ என உள்ளூர் நாக்கை நம்பிய வியாபாரம் இது. சின்னக் கடை என்று இரங்கவும் வேண்டாம்: டெக்சாஸிலும் மெக்சிகோவிலுமாக 400க்கும் மேற்பட்ட கிளைகள் இதற்கு உண்டு.