கல்முனைக் கரையும் திறந்த நூல்வளமும்

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. இலவசப் பாடநூல்கள் 1980இல் வழங்கப்படலாயின. இணையவழித் திறந்த வளங்களை இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே நாம் நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளைத் தாக்கியபோது வீடுகளோடு அவற்றிலிருந்த நூல்களும் போயின. ஓரிடத்தில் மட்டும் பேணப்படும் அறிவு நெருப்புக்கும் நீருக்கும் ஒருங்கே இரையாகும் என்பதையே இவை உணர்த்துகின்றன. 2005இல் தன்னார்வலர் முயற்சியாகத் தோன்றிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களை எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தது.

எனினும், வளம் திறந்திருப்பது மட்டும் போதுமா? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கையடக்கத் தொலைபேசிக்கு மாறின. மீனவர், நெசவாளர் இல்லங்களில் கல்வி இலவசமாயினும் அதனை அடையும் கருவி விலைக்குரியதாகவே இருந்தது. ஆகவே, கருவியும் இணைப்பும் இலவசக் கல்வியின் உறுப்புகளாகக் கொள்ளப்படுதல் வேண்டும்.

மேலும், பெறுவோராக மட்டும் நாம் அமைந்துவிடலாகாது. இப்பகுதி முஸ்லிம் மக்கள் வாய்மொழியாய் வளர்த்த கவிகளையும், சிற்றச்சகங்களில் வெளிவந்த நூல்களையும் எண்ணிமப்படுத்தும் பணியில் ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஊர்ப் பாடசாலைகளும் இணைதல் வேண்டும். இன்றேல், திறந்த நூலகத்திலும் இக்கரையின் வரலாறு எழுதப்படாத பக்கமாகவே எஞ்சும்.